பழைய சாளரங்களும் பனிக்காலமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் மரபு. அம்மரபிலிருந்து சற்றே விலகி, இன்று நம் வீட்டுச் சாளரங்களைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். காரணம் உண்டு. நம் குடியிருப்பின் பழைய வீடுகளில் மரச் சாளரங்களைக் களைந்துவிட்டு அலுமினியச் சாளரங்களை அமைக்கலாமா என்ற பேச்சு நடந்துவருகிறது. வேண்டும் அல்லது வேண்டா என்று ஒவ்வொரு வீட்டாரும் எழுதித் தருமாறு கேட்டிருக்கிறார்கள். ஒரு முறை களைந்தால் மீண்டும் வாராத பொருள் அது. ஆகவே, எழுதித் தருமுன் எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

முதலில் பெயரைப் பார்ப்போம். நாம் அன்றாடம் வழங்கும் 'ஜன்னல்' என்னும் சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. நம் மொழியில் சாளரம், பலகணி, காலதர் என்னும் பெயர்கள் உண்டு. பலகணி என்பது பல கண்களை உடையது. காலதர் என்பதோ, கால் ஆகிய காற்றுக்கு அதர் ஆகிய வழி. புகார் நகரத்து மாளிகைகளைக் கூறுமிடத்துச் சிலப்பதிகாரம் இச்சொல்லை ஆள்கிறது. காற்று வேண்டியபொழுது அதனை வரவிடுவதும், வேண்டாதபொழுது தடுப்பதும் காலதரின் இரு கடமைகள். நம் வீட்டுக் காலதர்கள் முதற்கடமையை இரவும் பகலும் தவறாமல் ஆற்றிவருகின்றன. இரண்டாவது கடமையைத்தான் மறந்துவிட்டன!

தென்னாட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு வடநாட்டுக் குளிர் ஒரு சோதனை. இந்த இலக்னோ நகரில் சனவரி இரவுகளில் வெப்பநிலை 7, 8 பாகை செல்சியசுக்கு இறங்குவது வழக்கம். சில இரவுகளில் அதனினும் தாழ்ந்துவிடும். மூடுபனி கவிந்தால் பகலிலும் வெயில் முகம் காட்டாது. அவ்விரவுகளில் சாளரத்தருகே படுத்திருக்கும் முதியவர்களும் குழந்தைகளும் படும் பாட்டை இங்குள்ள எந்தத் தாய்க்கும் நாம் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. எத்தனை ரஜாய் போர்த்தாலும், காதோரம் ஊசிபோலக் குத்தும் காற்று மட்டும் நிற்பதில்லை.

அது ஏன் என்பதை ஆராய்வோம். ஜமால்பூரில் 1862-ஆம் ஆண்டு இரயில்வே பட்டறை எழுந்தது. அத்தகைய பட்டறைகளும் பெரிய சந்திப்பு நிலையங்களும் தோன்றிய இடமெல்லாம் வடநாட்டில் இரயில்வே குடியிருப்புகள் தோன்றின. அக்காலத்து வீடுகளைக் கட்டியவர்கள் பெரிதும் அஞ்சியது குளிருக்கு அன்று, கோடைக்கே. தடித்த செங்கற்சுவர், உயர்ந்த கூரை, கூரையை ஒட்டி 'ரோஷன்தான்' என்று இவ்வூரார் அழைக்கும் காற்றுத் திறப்பு, ஆளுயரச் சாளரம் ஆகிய எல்லாம் வெப்பக்காற்று மேலேறி வெளியேறுவதற்காக அமைந்தவை. சாளரமும் ஒற்றைக் கதவுடையதன்று. வெளிப்புறத்தில் சாய்ந்த மரச்சட்டங்களாலான 'ஜில்மில்' கதவு. நடுவே இரும்புக் கம்பிகள். உட்புறத்தில் கண்ணாடிக் கதவு. நம் வீடுகள் பலவற்றில் ஜில்மில் கதவுகள் போய்விட்டன. கண்ணாடிக் கதவு மட்டும் எஞ்சி நிற்கிறது.

கோடையில் நன்மை செய்யும் அதே அமைப்பு குளிர்காலத்தில் பகையாகிறது. அறைக்குள் சூடேறிய காற்று இலேசானது. அது மேலெழுந்து ரோஷன்தான் வழியே வெளியேறும். வெளியேறிய காற்றின் இடத்தை நிரப்பக் கீழே உள்ள இடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே நுழையும். வீடே ஒரு புகைபோக்கிபோல இயங்குகிறது.

அவ்விடுக்குகள் எவ்வளவு பெரியவை? கணக்கெழுதுவது நம் தொழிலாதலால், இதையும் கணக்கிட்டுப் பார்த்தோம். 4 அடி அகலமும் 5 அடி உயரமும் உள்ள இரட்டைக் கதவுச் சாளரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 18 அடி. இரு கதவுகளும் நடுவே சந்திக்கும் விளிம்பு 5 அடி. ஆக 23 அடி. அதாவது 276 அங்குலம். அந்நீளம் முழுவதும் ஓர் அங்குலத்தில் எட்டிலொரு பங்கு இடைவெளி இருந்தால், மொத்தத் திறப்பு முப்பத்து நான்கரைச் சதுர அங்குலம். ஏறத்தாழ 6 அங்குலச் சதுரமாகச் சுவரில் ஓட்டை போட்டதற்கு ஒப்பு. எட்டிலொரு பங்கு அங்குலம் என்பது மூன்று மில்லிமீட்டர்தான். கண்ணுக்கு ஒரு பொருட்டாகவே தோன்றாது. சிறு துளி பெருவெள்ளம் என்பது குளிருக்கும் பொருந்தும்.

வெப்பம் போகும் வழி இன்னொன்றும் உண்டு. அது கண்ணாடி. ஒற்றைக் கண்ணாடி வெப்பத்தை எளிதாக வெளியே விட்டுவிடும். கண்ணாடியைத் தடிப்பாக மாற்றுவதால் பெரும்பயன் விளையாது. குளிரைத் தடுப்பது கண்ணாடியின் தடிப்பன்று. அசையாமல் அடைபட்டு நிற்கும் காற்றே. ரஜாயின் பஞ்சு நம்மைக் காப்பதும் அதனுள் அடைபட்ட காற்றால்தான். தடித்த கம்பளி ஒன்றைவிட மெல்லிய கம்பளி இரண்டு மேல் என்று நம் இல்லத்தரசியர் கண்ட உண்மையே சாளரத்திற்கும் பொருந்தும்.

இனி, பழையதைக் களைவதா காப்பதா என்னும் கேள்விக்கு வருவோம். அலுமினியம் துருப்பிடியாது, கரையான் அரியாது, வண்ணம் பூச வேண்டா. இவை மறுக்கவொண்ணா நன்மைகள். ஆயினும், அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும் உலோகம். குளிர்காலத்தில் அச்சட்டம் சில்லிட்டு, உட்புறத்தில் நீர் துளிர்த்துச் சுவரை நனைப்பதும் உண்டு. அதில் பொருத்துவதும் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடியே. பக்கவாட்டில் நகரும் சாளரமாயின், கோடையில் பாதி மட்டுமே திறக்கும், முழுதும் திறவாது. நகர்வதற்கென்று விட்ட இடைவெளியைத் தடுக்கும் மயிர்ப்பட்டை தேய்ந்தால், அங்கும் காற்று நுழையும். செலவு பெரிது, பயன் சிறிது.

நம் பழைய சாளரங்களோ முற்றிய தேக்கால் ஆனவை. கழுந்தும் துளையுமாகப் பொருத்தப்பட்டவை. ஒரு பகுதி உளுத்தால் அப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் புதுமரம் சேர்க்கலாம். நகரும் அலுமினியச் சாளரத்தில் ஒரு பகுதி பழுதாகி, அதற்கேற்ற உறுப்பு கடையில் கிடைக்காமற் போனால், முழுவதையும் மாற்ற நேரும்.

வெறும் பழமைப் பற்றால் இதைச் சொல்லவில்லை. அளந்து கண்டவர்கள் இருக்கிறார்கள். குளிர்நாடாகிய ஸ்காட்லாந்தில், அந்நாட்டு மரபுக் கட்டடங்களைப் பேணும் துறைக்காக, கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தார் பழைய மரச் சாளரம் ஒன்றைச் சோதனைக் கூடத்தில் நிறுத்தி ஆராய்ந்தனர். 2008-ஆம் ஆண்டு வெளிவந்த அம்முடிவுகள் சிந்திக்கத் தக்கவை. இடுக்குகளுக்குப் பட்டை ஒட்டியதால் காற்றுக் கசிவு 86 விழுக்காடு குறைந்தது. கண்ணாடி வழியே போகும் வெப்பத்தைத் தடித்த திரைச்சீலை 14 விழுக்காடும், மரப்பலகைக் கதவு 51 விழுக்காடும், உட்புறத்தில் சேர்த்த இரண்டாவது கண்ணாடி 63 விழுக்காடும், அந்த இரண்டாவது கண்ணாடியும் பலகைக் கதவும் சேர்ந்து 75 விழுக்காடும் குறைத்தன. பழைய சாளரம் நிலையோடு நின்றபடியே பெற்ற பயன் இவை. அங்குள்ளவை இடைவெளியற்ற பலகைக் கதவுகள். நம் ஜில்மில் அத்துணைப் பயன் தராது. ஆயினும் வழி ஒன்றே.

அவ்வழியைப் படிப்படியாகச் சொல்லுவோம்.

முதற்படி, கசிவைக் கண்டறிதல். காற்று வீசும் நாளில் கதவுகளைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, எரியும் ஊதுவத்தியைச் சாளரத்தின் ஓரமாக மெல்ல நகர்த்துக. புகை நேராக எழுந்தால் கசிவில்லை. வளைந்தாலோ சிதறினாலோ அங்கே சுண்ணக்கட்டியால் குறியிடுக. கால் மணி நேரத்தில் நோய் இன்ன இடத்தில் என்பது விளங்கிவிடும்.

இரண்டாம் படி, கதவை அதன் இருக்கைக்குக் கொணர்தல். பல கதவுகள் சரியாகச் சாத்தாதது மரத்தின் குற்றமன்று, கீலின் குற்றம். திருகாணி தளர்ந்து கதவு தொங்கினால், மேலே இடுக்கும் கீழே உரசலும் தோன்றும். பழைய துளையில் மரக்குச்சியை அடித்து இறுக்கி, மீண்டும் திருகாணி முடுக்கினால் போதும். நிலையின் விளிம்பில் அடுக்கடுக்காகப் படிந்த வண்ணத்தைச் சுரண்டி எடுக்கவேண்டும். தாழ்ப்பாள் கதவை நிலையோடு இறுக்கிப் பிடிக்குமாறு அதன் துளையைச் சற்றே இடம் மாற்றவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் அடக்கும் விதி நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத்தூள் குழந்தைகளின் மூளைக்குக் கேடு. ஆதலின் உலர்ந்தபடி தேய்க்காமல், நீர் தெளித்து நனைத்தே சுரண்டுக. குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அவ்வறையில் இருக்கவிடலாகாது. தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும்.

மூன்றாம் படி, மக்கு. கண்ணாடியைச் சட்டத்தில் இறுக்கும் பழைய மக்கு காய்ந்து உதிர்ந்த இடத்தில் கண்ணாடி கடகடவென்று ஆடும். உதிர்ந்ததை நீக்கி, ஆளிவிதை எண்ணெயில் சுண்ணப்பொடியைப் பிசைந்த மக்கினை வைத்து, அது இறுகியபின் வண்ணம் பூசுக.

நான்காம் படி, பட்டை. கதவு நிலையில் வந்து பொருந்தும் உள்விளிம்பில் ரப்பர்ப் பட்டையோ கம்பளிக் கீற்றோ ஒட்டுக. தடித்த பட்டையை ஒட்டினால் கதவு சாத்தாது. வலிந்து சாத்தினால் கீல் பெயரும். இடைவெளியை அளந்து, அதற்கேற்ற தடிப்பில் வாங்குதல் நன்று. சாளரத்தின் அடியில் மணல் நிரப்பிய நீளமான துணிப்பை ஒன்றை வைத்தால், செலவில்லாமல் ஓர் இடுக்கு அடையும்.

ஐந்தாம் படி, கண்ணாடிக்குத் துணை. தடித்த திரைச்சீலை சுவரை ஒட்டித் தொங்கவேண்டும். காற்றில் ஆடும் திரையால் பயன் குறைவு. தென்புறச் சாளரங்களின் திரையைப் பகலில் விலக்கி வெயிலை உள்ளே விடுக. கதிரவன் சாயுமுன் மூடிவிடுக. இயன்றவர்கள், மெல்லிய மரச்சட்டத்தில் கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ பொருத்தி, நிலையின் உட்புறத்தில் சேர்த்து வைக்கலாம். கார்த்திகையில் மாட்டி, மாசி இறுதியில் கழற்றிப் பரண்மேல் வைக்கலாம். அவசரத்தில் ஒரே கையால் கழற்றும்படி அது அமைதல் வேண்டும்.

இப்பணிகளுக்கு உரிய காலம் ஐப்பசி. மழைக்காலத்தில் மரம் ஈரம் உண்டு பருத்திருக்கும். அப்பொழுது கதவு இறுகுகிறதே என்று தச்சரை அழைத்து இழைப்புளியால் சீவிவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். மழை நின்று மரம் உலர்ந்து சுருங்கியதும், சீவிய இடமெல்லாம் இடுக்காகிவிடும். இன்று நாம் காணும் இடைவெளிகளில் பல அவ்வாறு வந்தவையே. ஆதலின் ஆவணியில் பொறுத்து, ஐப்பசியில் பழுது பார்க்கவேண்டும்.

குளிருக்குச் செய்த செப்பம் கோடைக்கும் உதவும். மே, சூன் திங்கள்களில் 40 பாகைக்கு மேல் கொதிக்கும்பொழுது, 'லூ' என்னும் அனற்காற்று புழுதியோடு நுழைவதும் இதே இடுக்குகளின் வழியேதான். குளிர்பதனப் பொறி வைத்தவர்களுக்கு மின்கட்டணம் குறையும். நீரால் குளிர்விக்கும் கூலர் வைத்தவர்களோ, எதிர்ப்புறச் சாளரம் ஒன்றைத் திறந்து வைத்தல் வேண்டும். உள்ளே வந்த ஈரக்காற்று வெளியேற வழியில்லாவிடில் புழுக்கமே மிஞ்சும். பழைய காலத்தார் சாளரத்தில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி நீர் தெளித்ததும் இதே தத்துவம். வடநாட்டார் 'கஸ்' என்று சொல்லும் அவ்வேர், நம் வீட்டுப் பானைத் தண்ணீரில் மணக்கும் அதே வெட்டிவேர்தான்.

அன்பர்களே! இதுவரை அடைப்பதைப் பற்றிப் பேசினோம். இனி அடைக்கலாகாததைப் பற்றிப் பேசவேண்டும். இவ்வுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதிருக்க வேண்டுகிறோம்.

வடநாட்டில் குளிர்காலந்தோறும் செய்தித்தாளில் ஒரு துயரச் செய்தி வருகிறது. அறைக்கதவைச் சாத்தி, அங்கீடியில் கரித்தணலை மூட்டி வைத்து உறங்கியவர்கள் விடியலில் எழவில்லை என்பதே அது. அவர்களைக் கொன்றது நெருப்பன்று. கரி போதிய காற்றின்றி எரியும்பொழுது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதி உயிர்வளியைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக அதைப் பற்றிக்கொள்ளும். புகை அடங்கித் தணல் செந்நிறமாக ஒளிரும்பொழுது 'இனி அச்சமில்லை' என்று எண்ணுவது பெரும்பிழை. நச்சு வெளிவருவது அப்பொழுதும் நிற்பதில்லை. தலைவலியும் தலைச்சுற்றலும் குமட்டலும் அதன் அறிகுறிகள். உறங்குபவர்க்கு அவ்வறிகுறிகளும் தெரியமாட்டா.

இடுக்குள்ள பழைய சாளரம், தான் அறியாமலே பலரைக் காத்திருக்கக்கூடும். அவ்விடுக்கை நாம் அடைக்கும்பொழுது அந்தக் காவலையும் நீக்குகிறோம். ஆகவே, சாளரத்தைச் செப்பனிடும் வீட்டில் படுக்கையறைக்குள் அங்கீடி புகலாகாது. இதில் விதிவிலக்கே வேண்டா. மின்கணப்பு வைத்துக்கொள்க, அதையும் படுக்குமுன் நிறுத்துக. குளியலறையில் எரிவாயு வெந்நீர்ப் பொறி இருந்தால், அங்குள்ள காற்றுத் திறப்பை எக்காலத்தும் மூடற்க. அப்பொறியும் இதே நச்சை உண்டாக்க வல்லது. எவருக்கேனும் மயக்கம் கண்டால், முதலில் அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவருக. பிறகு 108 அல்லது 112 எண்ணை அழைக்கலாம்.

ரோஷன்தானைச் சாக்கையும் செய்தித்தாளையும் திணித்து அடைக்கும் வழக்கமும் நம் குடியிருப்பில் உண்டு. வேண்டா. ஓர் அறையில் பலர் உறங்கும்பொழுது மூச்சின் ஈரமும் கெட்ட காற்றும் வெளியேறியாக வேண்டும்; இல்லையேல் சுவரில் பூஞ்சணம் பூக்கும், ஆஸ்துமா உள்ளவர்க்கு நோய் மிகும். அதன் கதவைச் சிறிதளவு மட்டும் திறந்து வைத்தல் போதுமானது. கீழுள்ள இடுக்குகளை அடைத்துவிட்டால், மேலுள்ள சிறு திறப்பால் குளிர் பெருகாது. காற்று தான் விரும்பிய வழியில் வருவது கசிவு. நாம் விரும்பிய வழியில் வருவது காற்றோட்டம். காலதர் என்ற பெயருக்குப் பொருளும் அதுவே.

முடிவாகச் சில வேண்டுகோள்கள். இவ்வீடுகள் நமக்குச் சொந்தமானவை அல்ல. நமக்கு முன் பலர் வாழ்ந்தனர், நமக்குப் பின்னும் பலர் வாழ்வர். ஆதலின் அனுமதியின்றி நிலையை வெட்டுவதோ சுவரை உடைப்பதோ கூடாது. பட்டை ஒட்டுவதும், திரை கட்டுவதும், கழற்றத்தக்க கண்ணாடி வைப்பதும் வீட்டுக்கு ஊறு செய்யா. மரவேலையும் கண்ணாடி வேலையும் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பு. அவற்றைத் தனித்தனியே முறையிடாமல், வீட்டு எண், சாளர எண், பழுதின் தன்மை ஆகியவற்றைப் பட்டியலிட்டுச் சங்கத்தின் வாயிலாக ஒரே விண்ணப்பமாக அளிக்கலாம். 'மாற்றுக' என்று கேட்பதினும் 'பழுது பார்த்துத் தருக' என்று கேட்பது சிக்கனம். அரசுப் பணமும் நம் பணமே.

கரையான் அரித்து அறவே உளுத்துப்போன சாளரத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அத்தகையவற்றை மாற்றத்தான் வேண்டும். ஆனால் எவை அத்தகையவை என்பதை ஓர் ஊசியால் குத்திப் பார்த்து முடிவு செய்வோம். வண்ணம் உரிந்த தோற்றத்தைக் கண்டு முடிவு செய்யவேண்டா. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னவர்கள் நம் முன்னோர். இதுவோ கந்தையன்று; தேக்கு.

நம் இளைஞர்கள் வரும் ஞாயிறுகளில் இருவர் இருவராகச் சென்று, ஊதுவத்தியும் அளவுகோலும் கொண்டு ஒவ்வொரு வீட்டுச் சாளரத்தையும் பார்த்துப் பட்டியல் எழுதித் தர முன்வரவேண்டும். முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகள் முதலில் வரட்டும். அங்கீடி வைக்கும் வீடுகளில், அதன் தீங்கைப் பணிவோடு எடுத்துரைக்கட்டும். தமிழ் வீடு, பிறமொழி வீடு என்ற வேறுபாடு இதில் வேண்டா. அடுத்த சுவருக்கு அப்பால் உறங்குபவரும் நம் குடியிருப்பினரே.